வழியில் ஏறிக்கொள்ளும் பயணி

டிக்கெட் விஷயத்தில் கண்டக்டருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. இருபத்தொன்பது வருடம் தோல்பையை மாட்டிக்கொண்டு வெளியூர் வண்டியில் நின்றே காலம் தள்ளியவர். கட்டுக் கட்டாகக் கிழித்துக் கொடுத்த காலத்தையும் பார்த்தார், மெஷினில் அடித்துக் கொடுக்கிற காலத்தையும் பார்த்துவிட்டார். அரை டிக்கெட்டுக்காக வயதைக் குறைத்துச் சொல்லும் தாய்மார்களிடம், பிள்ளையின் முழங்காலைப் பார்த்தே உண்மையைக் கறந்துவிடுவார். டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறவனை, அவன் ஜன்னலைப் பார்க்கிற பார்வையிலேயே கண்டுகொள்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் இரண்டு நாளாக ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அது அவர் மனைவி விமானத்தில் போவதற்கான டிக்கெட்.

மகள் கடல் தாண்டி இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு கிடங்கில் ஷிப்டு வேலை. இந்த மாதக் கடைசியில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு ஏற்ற மாதிரி சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறதாம், தண்ணீர் வேறு குறைந்திருக்கிறதாம், வருகிற வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டாராம்.

"நீ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்மா," என்று சொல்லிவிட்டு அழுதாள்.

இதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. அன்றைக்கு மாப்பிள்ளை ஷிப்டில் இருந்தார். மகள் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தனியாகத்தான் திரும்பி வந்தாள். அதைத் தாய்க்காரி மறக்கவில்லை. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்தினாள்.

"அழாத. வந்துருவேன். எட்டு மணிக்கு முன்னாடி உன் பக்கத்துல இருப்பேன்."

சொன்னது சொன்னதுதான். இனி அந்தத் தேதிக்குள் அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கண்டக்டர் பாடு.

மறுநாள் மழையில் நனைந்துகொண்டே பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற ஏஜெண்டிடம் போனார். ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவர் நிறைய விமானப் படம். ஏஜெண்டு முப்பது வயதுக்காரன், தங்கமான பையன்தான். ஆனால் வாயைத் திறந்தால் பாதி கண்டக்டருக்குப் புரியாது.

"தேதி மாத்தலாம்ணே. ஆனா சும்மா மாத்த முடியாது. கம்பெனிக்கு ஒரு பெனால்டி. அப்புறம் இன்னிக்கு இருக்கிற ரேட்டுக்கும் நீங்க எடுத்த ரேட்டுக்கும் உள்ள வித்தியாசம். அதுக்கப்புறம் நம்ம சார்ஜ்."

"நீ எதுக்கு சார்ஜ் பண்றே? நீதானே முதல்ல எடுத்துக் குடுத்தே?"

"அது எடுத்துக் குடுத்ததுக்கு. இது மாத்திக் குடுக்கறதுக்கு."

"சரி, மாத்தவே வேணாம். கேன்சல் பண்ணிட்டுப் புதுசா ஒண்ணு எடுத்தா?"

"கேன்சலுக்குக் கம்பெனி பெனால்டி வேற, நம்ம பெனால்டி வேற. ரெண்டும் போக வரி மட்டும்தான் திரும்பி வரும். அதுவும் எப்ப வரும்னு சொல்ல முடியாது."

"அப்ப டிக்கெட் காசு?"

"அது போயிரும்ணே."

"எங்க போவும்?"

ஏஜெண்டு கீ போர்டில் தட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தான். அவனிடம் இதை யாரும் இதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது.

"என் வண்டியில ஒருத்தன் ஆறு மணி வண்டிய விட்டுட்டு ஏழு மணி வண்டிக்கு வந்து நின்னா, உள்ள வா, பின்னாடி போ, கம்பியப் பிடின்னுதான் சொல்லுவேன். அபராதம் போட்டா என்னை அடிக்க வருவான்."

"அது பஸ்ஸுண்ணே."

"இதுக்கு றெக்கை இருக்கு. அவ்வளவுதானே வித்தியாசம்?"

ஏஜெண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே பெனால்டியைப் போட்டான். செவ்வாய்க்கிழமைக்கு இடம் கிடைத்தது. புதன் காலையில் அங்கே இறங்கிவிடலாம்.

"திரும்பி வர்ற தேதியையும் இப்பவே மாத்திருவோமாண்ணே? உங்க பொண்ணு மூணு மாசம் கேட்டாங்களே. அப்புறம் மாத்தினா அதுக்குத் தனியா கட்டணும்."

"முப்பது நாள் போதும். அது அப்படியே கிடக்கட்டும்."

மகள் மூன்று மாதம் கேட்டது உண்மைதான். அவள் அனுப்பிய விசாத் தாள்களில் ஆறு மாதம்கூட இருக்கலாம் என்றிருந்தது. கண்டக்டர்தான் முப்பது நாள் என்று அடித்துச் சொன்னார். யூனிஃபார்ம் சீசன், வாடிக்கை போய்விடும் என்றார். மனைவியும் நீங்க சொன்னா சரி என்றுவிட்டு, நாற்பது சட்டையை முன்கூட்டியே தைத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். உண்மைக் காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. டிப்போவிலும் வண்டிக்கூரையிலும் அவர் எத்தனையோ நாள் படுத்து எழுந்திருக்கிறார். ஆனால் வீட்டுக்கு வரும்போது வீடு பூட்டியிருந்து அவர் பார்த்ததே கிடையாது. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெற்றுப் பூட்டின வீட்டுக்குள் போய் உட்கார அவருக்கு மனமில்லை.

புது டிக்கெட்டில் போகிற பயணம் இரண்டு கட்டமாக இருந்தது. காலை ஒன்பது நாற்பதுக்கு இங்கிருந்து பெரிய ஊருக்குச் சின்ன விமானம். அங்கிருந்து மதியம் மூன்றரைக்குக் கடல் தாண்டிப் போகிற பெரிய விமானம். அவர் அதைப் படித்துச் சொன்னபோது மனைவி வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"பெரிய ஊர்ல இறங்கி நான் எங்க போகணும்?"

"இறங்கினதும் அங்கேயே ஒரு பஸ்ஸு வருமாம். அதுல ஏறி வேற ஒரு கட்டிடத்துக்குப் போகணும். திரும்பவும் பைய சோதிப்பாங்க."

"போர்டெல்லாம் எந்த பாஷையில இருக்கும்?"

"எல்லா பாஷையிலயும் இருக்கும்."

"எனக்கு எங்க தெரியும்? கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி நிக்கப் போறேன். யார்கிட்ட கேப்பேன்?"

அவள் பயந்ததை அவர் முதல்முறையாகப் பார்க்கிறார். பாம்பு வந்தபோதுகூடத் துடைப்பத்தை எடுத்தவள். அன்று முழுவதும் அவர் வண்டியில் டிக்கெட் அடித்துக்கொண்டே யோசித்தார். மூன்றாவது ஸ்டாப்பிங் தாண்டும்போது பளிச்சென்று பிடிபட்டது.

தொலைதூர வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நிலையத்திலிருந்து ரிசர்வ் செய்தவர்கள் எல்லாரும் அங்கேயே ஏறுவதில்லை. 'நான் மூணாவது ஸ்டாப்புல ஏறிக்கிறேன்' என்று ஒரு போன் போட்டால் போதும், அந்த இருக்கைக்குக் கண்டக்டர் காவல். நிற்கிற கூட்டம் முணுமுணுக்கும், சட்டையைப் பிடிக்கும். கண்டக்டர் தன் தோல்பையையே கழற்றி இருக்கையில் வைத்துவிடுவார். "ஆள் வருது" என்பார். ஒருமுறை மந்திரிக்கு வேண்டியவன் என்று ஒருத்தன் உட்காரப் பார்த்தபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. காசு கொடுத்தவனுக்கு அந்த இடம் சொந்தம், அவன் எங்கே ஏறினால் நமக்கென்ன என்பது அவர் கட்சி.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"அந்தச் சின்ன ப்ளேனே உனக்கு வேணாம்! நம்ம வண்டியில போவோம். எனக்கு பாஸ் இருக்கு. விடியக்காலம் ஏறினா பதினோரு மணிக்குப் பெரிய ஊரு. பெரிய ப்ளேன் வாசல் வரைக்கும் நானே கூட வர்றேன். அங்க ஏறிக்கோ."

அவள் முகம் தெளிந்தது. பிறகு கொஞ்சம் சுருங்கியது.

"விடுவாங்களா? ஏஜெண்டுத் தம்பிய ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்."

"டிக்கெட்டைப் பத்தி நான் போய் அவன்கிட்ட கேக்கணுமா? முழு தூரத்துக்கும் காசு கட்டியிருக்கோம். பாதி தூரம் உக்காராம விட்டா அவனுக்குத்தானே லாபம்? பெட்ரோல் மிச்சம்."

ஏஜெண்டு போனில் நாலு பக்கத்துக்கு விதிமுறை அனுப்பியிருந்தான். கண்டக்டர் முதல் பக்கத்தில் மனைவி பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், கடைசிப் பக்கத்தில் தொகையைப் பார்த்தார். நடுவில் இருந்தவற்றை மழைக்காலத்தில் வருகிற மின்வெட்டு அறிவிப்பு மாதிரி தள்ளிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நாலரை மணி வண்டி. டிரைவர் கூட்டாளிதான், முன்னாலேயே இரண்டு இருக்கை போட்டுக் கொடுத்தார். மழை சாய்ந்து அடித்தது, ஜன்னல் கண்ணாடி ஆடிக்கொண்டே வந்தது. வழியில் ஒரு கடையில் ரொட்டியும் அவித்த முட்டையும் வாங்கினார். முட்டையை அவரே உரித்து அவள் கையில் கொடுத்தார். கல்யாணம் ஆனதிலிருந்து இருவரும் சேர்ந்து இவ்வளவு தூரம் போனதில்லை. அவர் போன தூரத்தையெல்லாம் கூட்டினால் உலகத்தைச் சுற்றி வந்திருக்கலாம்; அதில் ஒரு நாள்கூட அவள் பக்கத்தில் இல்லை. இந்தப் பாலம், அந்த மில், இங்கேதான் ஒரு தடவை டயர் வெடித்தது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அவரை மாதிரி சந்தோஷமான மனிதர் அந்த வண்டியில் வேறு யாருமில்லை.

ஒன்பது நாற்பதுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"உன் சின்ன ப்ளேன் இப்ப கிளம்பியிருக்கும். உன் சீட்டு சும்மா காத்து வாங்கிட்டுப் போவுது."

"பாவம்," என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பெரிய ஊர் விமான நிலையத்தில் பார்வையாளர் சீட்டு வாங்கியதும் கவுண்டர் வரை கூடப் போக விட்டார்கள். வரிசையில் நின்று, பெட்டியைத் தள்ளித் தள்ளி, அவர்கள் முறை வந்தபோது மணி ஒன்று. கவுண்டரில் இருந்த பெண் மகள் வயதுதான். பாஸ்போர்ட்டை வாங்கித் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"சார், இந்த டிக்கெட்டு உயிரோட இல்லையே."

"என்னது?"

"காலைல முதல் ப்ளேன்ல இவங்க ஏறலை. அதனால மீதி எல்லாம் தானாவே கேன்சல் ஆயிருச்சு."

"ஏறலைதான். பஸ்ல கூட்டிட்டு வந்துட்டேன். அதான் ஆளு இங்க நிக்குதே!"

"ஆளு நிக்கறாங்க சார். டிக்கெட்டு இல்லை."

கண்டக்டர் அந்தப் பெண்ணையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆள் இருந்து டிக்கெட் இல்லாததை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். காசு கட்டி, டிக்கெட் கையில் இருந்து, ஆளும் இருந்து, டிக்கெட் இல்லை என்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"இங்க பாரும்மா. அந்த ப்ளேன்ல இவ சீட்டு காலியாத்தானே வந்துச்சு? அதனால உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"நஷ்டம் பத்தி இல்ல சார். வரிசையா போகணும். முதல்ல ஏறலைன்னா, நீங்க பயணமே போகலைன்னு சிஸ்டம் எடுத்துக்கும்."

"போகலைன்னு யாரு சொன்னது? போறோம்னுதானே வந்து நிக்கிறோம்!"

"சிஸ்டம் சார்."

"அந்த சிஸ்டத்தைக் கூப்பிடும்மா, நான் பேசறேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிப்பு மூட்டுவதற்காகச் சொல்லவில்லை. இவளுக்கு மேலே யாரோ ஒருத்தர் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நேரில் பார்த்தால் புரிந்துகொள்வார் என்று நிஜமாகவே நம்பினார். கோட்டு போட்ட ஒருவர் வந்தார். அவரும் அதையே இன்னும் மரியாதையாகச் சொன்னார். டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தது ஏஜெண்டு, அதனால் ஏஜெண்டுதான் திருத்த வேண்டும், நாங்கள் கை வைக்க முடியாது என்றார். கண்டக்டர் ஏஜெண்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணே! என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? மூணாவது பக்கத்துல போட்டிருந்தேனே!"

"மூணாவது பக்கம் கிடக்கட்டும். நீ சொல்லு, ஏத்திவிடு."

"நான் ஏத்த முடியாதுண்ணே, கம்பெனிதான் ஏத்தணும்."

"கம்பெனிக்காரர் உன்னைக் கேக்கச் சொல்றாரு!"

"நான் கம்பெனியக் கேட்டுத்தான் சொல்ல முடியும். லைன்ல இருங்க."

லைனில் இருந்தார். ஒரு பாட்டு ஓடியது. கம்பெனி ஏஜெண்டைக் கை காட்டுகிறது, ஏஜெண்டு கம்பெனியைக் கை காட்டுகிறான், நடுவில் தன் மனைவி பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கண்டக்டருக்கு எது தலை, எது வால் என்று புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. அவள் தனியாக நின்று திண்டாடக்கூடாது என்று செய்த காரியத்தால் அவள் போகவே முடியாமல் நிற்கிறாள். வியாழக்கிழமை காலையில் மகள் இன்னொரு தடவை தனியாகப் போவாள்.

ஏஜெண்டு திரும்ப லைனுக்கு வந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

"அண்ணே, கவனமா கேளுங்க. கவுண்டர் மூட இருபது நிமிஷம்தான் இருக்கு. போக வரப் புதுசா எடுத்தா உங்க மூணு மாசச் சம்பளம் ஆகும். இன்னொரு வழி இருக்கு. திரும்பி வர்ற பாகத்தை விட்டுக்குடுத்தா, அதோட மதிப்பை வராம போனதுக்கான பெனால்டில கழிச்சுக்கிட்டு, போற பாகத்தை மட்டும் திரும்பக் குடுக்கறேங்கறாங்க. மேல கொஞ்சம்தான் கட்டணும். எது போடட்டும்?"

"ரெண்டும் வேணும். போறதும் வேணும், வர்றதும் வேணும்."

"ரெண்டும் வேணும்னா பெரிய தொகைண்ணே."

"இரு. யார்கிட்டயாவது கேக்கறேன். டிப்போல..."

"இருபது நிமிஷம்ணே."

கண்டக்டர் யாரைக் கேட்கலாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது அவர் கையிலிருந்து போன் நகர்ந்தது. அவள்தான் வாங்கினாள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் போனை வாங்கியது இதுதான் முதல் தடவை.

"தம்பி, போறது மட்டும் போடுங்க. மேல கட்டறதுக்கு யூனிஃபார்ம் காசு எங்கிட்ட இருக்கு."

"ஏம்மா, இரு... அப்ப திரும்பி வர்றது?" என்றார் கண்டக்டர்.

"வர்றப்ப வந்துக்கலாம்."

அவள் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பயந்த குரலாகவும் இல்லை. பணத்தைக் கட்டியதும் கவுண்டர் பெண் நீளமான ஒரு சீட்டை அடித்துக் கொடுத்து, அங்கே போங்க என்று வாசலைக் காட்டினாள். அந்த வாசலைத் தாண்டிக் கண்டக்டர் போக முடியாது.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"அதெல்லாம் பாத்துக்கறேன். நீ பதறாத. யாரையாவது கேளு, வாய் இருக்குல்ல?"

"கேக்கறேன்."

போகும்போது ஒருமுறை திரும்பிக் கையை ஆட்டினாள். பிறகு எதிரே வந்த சீருடைக்காரியிடம் சீட்டை நீட்டி ஏதோ கேட்டாள். அந்தப் பெண் கையைக் காட்ட, தலையை ஆட்டிவிட்டு, தைத்து முடித்த துணியை மடிக்கிற அதே நிதானத்தோடு நடந்து மறைந்துவிட்டாள். கண்டக்டர் வெகுநேரம் அங்கேயே நின்றார். இவளுக்கா வழி தெரியாது என்று நினைத்தோம் என்றிருந்தது.

வியாழக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன் தியேட்டர் கதவு வரைக்கும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள் என்று மகள் போனில் சொன்னாள். கண்டக்டர் டிப்போ முழுக்க மிட்டாய் கொடுத்தார். அதன்பிறகு தினமும் போனில் குழந்தையைக் காட்டினார்கள். குளிப்பாட்டினதைக் காட்டினார்கள், கொட்டாவி விட்டதைக் காட்டினார்கள். வீட்டில் அவரே பூட்டைத் திறந்தார், அவரே விளக்கைப் போட்டார். சோறு ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் வேகவில்லை. முப்பதாவது நாள் வந்தது, போனது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவரும் தினம் கேட்க வாயெடுப்பார், குழந்தை தும்மியதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். இடையில் ஓய்வும் பெற்றார். மாலை போட்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். மாலையோடு நின்று பூட்டைத் திறப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஏஜெண்டு கூப்பிட்டான். மழை விட்டிருந்தது. கண்டக்டருக்கு வேறு வேலை இல்லை, உடனே போனார்.

"அண்ணே, ஒரு நல்ல சேதி. அக்கா அன்னிக்கு ஏறாத சின்ன ப்ளேனுக்கு வரி கட்டியிருந்தோம்ல, அது திரும்பி வருது."

"கம்பெனி பெனால்டி, உன் பெனால்டி எல்லாம் போக என்ன வரும்?"

"நம்ம சார்ஜ் வேணாம்ணே, விடுங்க. ஆனா பயணம் பண்ணவங்க கையெழுத்து வேணும். நேர்ல போடணும், நகல் ஒத்துக்க மாட்டாங்க. அக்கா எப்ப வர்றாங்க?"

ஏஜெண்டு படிவத்தில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"மாசமாவது சொல்லுங்க. தோராயமா எழுதிக்கறேன்."

எந்த வண்டி எந்த நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர் அவர். மேஜையில் இருந்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்," என்றான் ஏஜெண்டு.

போட்டார். மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது, அவள் அதைத் தட்டிக்கொடுக்கிற சத்தமும் கேட்டது.

"என்னங்க இந்நேரத்துல? சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். ஏஜெண்டு கடையில இருக்கேன். ஏதோ கையெழுத்து வேணுமாம். அதான்... நீ எப்ப வருவேன்னு கேக்கறான்."

தட்டிக்கொடுக்கிற சத்தம் நின்றது.

"அந்தத் தம்பியா கேக்கறாரு?"

கண்டக்டர் ஏஜெண்டைப் பார்த்தார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இல்ல," என்றார். "நான்தான் கேக்கறேன்."